தோல் ஷாப்புக்குக் கிழக்கே: ஒரு புழக்கடையின் பருவங்கள்

வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அடுக்குவார்கள். ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு 1981ல் சாமி வந்துவிட்டது. மற்ற மூன்றும் பெரும்பாலும் அப்படியேதான். இந்தப் பட்டியலைக் கேட்கும்போதெல்லாம், இதைப் போட்டவர்கள் கோட்டைப் பக்கத்து ஆட்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். எங்கள் சேரியில் போட்டிருந்தால் 'செடி வராத புழக்கடை' என்று இன்னொன்றையும் சேர்த்திருப்பார்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் புழக்கடையைப் பற்றியது. பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வெயில், மழை, காற்று, பனி ஆகியவை பற்றியது. சீதோஷ்ண நிலைக்கு என்னய்யா வரலாறு, அது எல்லாருக்கும் பொதுதானே என்று நண்பர்கள் கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆம்பூருக்குக் கிழக்கே, ஆற்றங்கரையோரம் இருக்கிற எங்கள் காலனியில் வளர்ந்தவனுக்கு அந்தப் பாடம் பாதிதான் பொருந்தியது. மீதிப் பாதியை எங்க ஆயா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

1

முதலில் புத்தகப் பாடம். வேலூர் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குப் பிற்பகலில் வருகிற கடற்காற்று இங்கே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும், பல நாள் வருவதே இல்லை. பள்ளத்தாக்கின் இரு பக்கமும் மொட்டைப் பாறை மலைகள். பகலெல்லாம் சூட்டைக் குடித்து ராத்திரியில் கக்குகிற மலைகள் இவை. அதனால் மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் தொடங்கி 28 வரை நீள்கிற கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சேதியே இல்லை.

மழையில் மட்டும் வட ஆற்காட்டுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. தஞ்சாவூர், நாகப்பட்டினத்துக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் நம்பி இருக்கிறார்கள். எங்களுக்குத் தென்மேற்குப் பருவத்திலும் நல்ல மழை உண்டு. பகலெல்லாம் காய்ந்து, சாயங்காலம் மேற்கே மலை மேல் கறுத்து, இடி இடித்து, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகிற மழை. ஆனி, ஆடியில் தொடங்கி புரட்டாசி வரை இது நடக்கும். அதற்குப் பிறகு வடகிழக்குப் பருவ மழை. வருடத்தின் மழையில் பெரும்பங்கை இந்த இரண்டு பருவங்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ரெண்டு மழை உள்ள பூமியில் ரெண்டு தடவை விதை போடலாம். ஆடிப்பட்டத்தில் அவரை, பூசணி, சுரை, பீர்க்கு. தைப்பட்டத்தில் கத்திரி, வெண்டை, கீரை. தோட்டம் போட இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி ஆயாவின் பாடம். ஆயா மாசத்தை நாசியால் கணக்குப் பண்ணும். எங்கள் காலனிக்கு மேற்கே ஒரு தோல் ஷாப்பு. அதற்கும் மேற்கே ஊர். ஆடியில் பள்ளத்தாக்கு வழியே மேற்குக் காற்று இரைச்சலோடு வரும். சுண்ணாம்புக் குழி நாத்தம், மயிர் உதிர்க்கப் போடுகிற சல்ஃபைடு மருந்தின் அழுகின முட்டை நாத்தம், உப்பில் ஊறின பச்சைத்தோல் நாத்தம், எல்லாம் அந்தக் காற்றில் ஏறி நேராக எங்க வீட்டு அடுப்படிக்கு வரும். "ஆடி பொறந்துட்ச்சிடா, சோத்த மூடி வை" என்று ஆயா சொல்லும். ஆவணி, புரட்டாசி வரை இதே கதை.

ஐப்பசியில் காற்று திரும்பும். வடகிழக்கிலிருந்து அடிக்க ஆரம்பித்ததும் எங்களுக்கு மூச்சு விடும். நாத்தம் ஊர்ப் பக்கம் போகும். அப்போதுதான் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, தோல் ஷாப்பால் வாழ முடியவில்லை என்று மனு எழுதுவார்கள். "மனு எழுதற மாசம் வந்துட்ச்சி" என்று எங்க தெருவில் சிரிப்பார்கள். மூணு மாசம் எங்கள் மீது அடித்த காற்றுக்கு யாரும் மனு எழுதவில்லை. ஒரு மாசம் அவர்கள் மீது அடித்ததற்குக் காகிதமும் பேனாவும் வந்துவிட்டன. காற்றுக்குச் சாதி தெரியாது என்பது சரிதான். யார் வீட்டைக் காற்றுக்குக் கீழே கட்ட வைத்தார்கள் என்பதில் சாதி இருக்கிறது. தோல் ஷாப்பு வருவதற்கு முன்பே எங்கள் சேரி ஊருக்குக் கிழக்கேதான் இருந்தது. ஊரின் புகையும் தூசும் ஆடி மாசமெல்லாம் எங்களைத்தான் கடந்து போயின. தோல் ஷாப்பு அந்த ஏற்பாட்டுக்குள் பிற்பாடு வந்து உட்கார்ந்தது.

2

எங்கள் பக்கத்துச் சேரிகளின் கதையை 1876லிருந்து தொடங்குவது நியாயம். அந்த வருடம் மழை பொய்த்தது. 1878 வரை நீண்ட அந்தப் பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் செத்தவர்களை லட்சக்கணக்கில்தான் எண்ண வேண்டும். வட ஆற்காடு கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. பசிபிக் கடலின் நீர்ச்சூடு மாறியதால் வந்த வறட்சி அது என்று இன்றைக்கு ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். சீனாவிலும் பிரேசிலிலும் அதே வருடங்களில் பஞ்சம். மழை பொய்த்தது கடலின் வேலை. ரயிலேறிப் போன தானியமும், நாள் முழுக்க மண் சுமந்தவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று 1877ல் ரிச்சர்ட் டெம்பிள் போட்ட கணக்கும் மனிதர்களின் வேலை. சென்னையின் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியதுதான்.

பஞ்சத்தில் முதலில் சாவது மாடு. மாடு செத்தால் தோல் மலியும். செத்த மாட்டை எடுப்பது எங்கள் மேல் சுமத்தப்பட்ட தொழில். தோலை வாங்கி, பதப்படுத்தி, சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்புகிற வியாபாரம் அந்தக் காலத்தில் வேகமாக வளர்ந்தது. பாலாற்றங்கரையில் மூன்று வசதிகளும் சேர்ந்து இருந்தன. மணலுக்கடியில் நல்ல தண்ணீர். மலையடிவாரம் முழுக்க ஆவாரை, கொன்னை, கடுக்காய். மூன்றாவதாக, தொட்டியில் இறங்குவதற்கு நாங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் ஊர்கள் எழுந்தன. முதலாளி யார் என்பது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறியது. சுண்ணாம்புக் குழியில் நின்றவன் பறையனாகவோ அருந்ததியனாகவோதான் இருந்தான்.

இன்னொரு கூட்டம் ஆற்றின் வழியே மேலே ஏறிப் போனது. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கம் தோண்டத் தொடங்கியதும் வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஆயிரமாயிரம் பேர் போனார்கள். பெரும்பகுதி நம் சனங்கள். அந்தச் சுரங்க நகரத்துக்குத் தண்ணீர் கொடுத்த பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின் குறுக்கே இருக்கிறது. கீழே ஆற்றில் தண்ணி இல்லை என்று மேலே போனவர்கள், மேலே தேக்கி வைத்த அதே ஆற்றுத் தண்ணியைக் குடித்தார்கள். 2001ல் சுரங்கத்தை மூடினபோது அவர்களின் பேரப்பிள்ளைகள் மறுபடி வேலை தேடி ரயிலேறினார்கள்.

1892ஆம் வருடத்தை நண்பர்கள் நினைவில் வைக்க வேண்டும். அந்த வருடம் இரண்டு காகிதங்கள் எழுதப்பட்டன. ஒன்று சென்னைக்கும் மைசூருக்கும் இடையிலான ஆற்று நீர் ஒப்பந்தம். பாலாறும் அதில் உண்டு. மற்றது பஞ்சமி நில ஆணை. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891ல் கொடுத்த அறிக்கையின் மேல் வந்தது. அந்த அறிக்கையில் நிலத்தைப் போலவே முக்கியமான ஒரு விஷயம் உண்டு. பறையனுக்குக் குடியிருக்கும் மனையே சொந்தமில்லை, மிராசுதாரன் நினைத்தால் குடிசையைப் பிடுங்கிவிடலாம், அந்தப் பயத்திலேயே அவனை அடிமையாக வைத்திருக்க முடிகிறது என்று அவர் எழுதினார்.

மனை சொந்தமில்லாதவன் மரம் வைப்பானா? முருங்கைப் போத்து ஊன்றினால் காய்க்க ஒரு வருடமாவது ஆகும். மாமரத்துக்கு நாலைந்து வருடம். அடுத்த ஆடிக்கு இந்த இடத்தில் இருப்போமா என்று தெரியாதவன் அவரை விதை போடலாம், பூசணி போடலாம். அதற்கு மேல் அவனுக்குத் தோட்டம் இல்லை. சேரிகளில் நிழல் இல்லாததைப் பார்த்து, இவங்களுக்கு மரம் வளர்க்கிற புத்தி கிடையாது என்று பேசினவர்களை நான் கேட்டிருக்கிறேன். நிழலுக்கும் பட்டா வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆற்றுக் காகிதத்தை வைத்து இரண்டு மாநிலங்களும் இன்னும் வழக்காடுகின்றன. நிலக் காகிதத்தின் நிலங்கள் பெரும்பாலும் பிறர் கைக்குப் போய்விட்டன.

3

ஊர்த் தோட்டங்களுக்கு அந்தக் காலத்தில் தண்ணீர் எப்படிப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். கிணற்றில் கவலை கட்டி, மாட்டைப் பூட்டி, தோல் சாலில் இறைப்பார்கள். சால் தைத்துக் கொடுத்தது நம் ஆட்கள். கிழிந்தால் தைப்பதும் நம் ஆட்கள்தான். நாம் தைத்த தோலில் ஊறிய தண்ணீர் ஊர்க் கத்திரிக்கும் வாழைக்கும் பாய்ந்தது. அந்தத் தண்ணீருக்குத் தீட்டு இல்லை. நாம் குடத்தை இறக்கினால் மட்டும் கிணறு தீட்டாகிப் போனது.

இந்தத் தோல் சாலுக்கும் இன்றைய குரோமியத்துக்கும் ஒரு உறவு இருக்கிறது. ஆவாரம்பட்டையில் பதப்படுத்தின சால் தண்ணீரில் சீக்கிரம் நைந்து போகும். தண்ணீரில் நீண்ட நாள் தாங்குகிற தோல் வேண்டும் என்று 1903 வாக்கில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் என்கிற வெள்ளைக்காரர் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தார். கவலைச் சால்தான் அவர் முக்கியமாகக் குறிவைத்த பண்டங்களில் ஒன்று. தோட்டத்துக்குத் தண்ணி இறைக்க வந்த குரோமியம்தான் பிற்பாடு தோட்டங்களை அழித்தது.

பட்டைக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்க தாத்தா பட்டைக் காலத்து ஆள். அவர் கால் விரல்களுக்கு நடுவே சுண்ணாம்பு தின்ற ஓட்டை கடைசிவரை ஆறவில்லை. ஆனால் அப்போது குழியிலிருந்து வந்த கழிவு பட்டைச் சக்கையும் சுண்ணாம்பும் தோல் சவ்வும்தான். எருக்குழியில் போட்டு மக்க வைத்து ஊர்க்காரர்களே வண்டி கட்டி வாங்கிப் போவார்கள் என்று ஆயா சொல்லும். தை மாசத்தில் மலையடி முழுக்க ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். பட்டை உரிக்கப் போகிற பொம்பளைங்க அந்தப் பூவை மடியில் கட்டிவந்து வாசலில் காப்புக் கட்டுவார்கள். மாசிப் பனியில் புழக்கடையில் கீரை தளதளவென்று வரும். தண்ணி ஊற்றக்கூட வேண்டாம், விடியற்காலைப் பனியே பாதி நனைத்துவிடும்.

1970களில் காற்று மாறியது. பச்சைத்தோலையும் பாதி பதப்படுத்தின தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுசாக முடித்த தோலையும் செருப்பையும் அனுப்ப வேண்டும் என்று அரசு கொள்கை வகுத்தது. அந்நியச் செலாவணி வந்தது. டிரம்கள் வந்தன. பல மாதம் ஆன வேலை சில நாளில் முடிந்தது. ஆவாரையைத் தேடிப் போகிற பொம்பளைங்களுக்கு வேலை குறைந்தது. ராணிப்பேட்டையில் 1976லிருந்து குரோமேட் தயாரித்த ஆலை ஒன்று 1995ல் மூடப்பட்டபோது, இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை மலைபோல் விட்டுப் போனது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் வழிந்தது. ஆவாரம்பூ மஞ்சளைப் பார்த்து வளர்ந்த சனங்கள் இந்த மஞ்சளையும் பார்த்தார்கள்.

4

குரோமியத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எங்கள் புழக்கடையை முதலில் கொன்றது உப்பு. இதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். பச்சைத்தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு உப்புப் போட்டு வைப்பார்கள். தோல் ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை அதைத் தண்ணியில் ஊறப்போட்டு உப்பைக் கழுவுவது. முடிந்த தோல் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்தத் தண்ணி உப்போடு வாய்க்காலுக்கும் குட்டைக்கும் ஆற்றுமணலுக்கும் போனது.

உப்பு மண்ணில் சேர்ந்தால் என்ன ஆகும்? களிமண்ணின் நுண்துகள்கள் ஒட்டாமல் பிரிந்து மண்ணின் கண்களை அடைத்துவிடும். மழை பெய்தால் தண்ணி உள்ளே இறங்காது, மேலேயே நிற்கும். காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். கத்திரி வெயிலில் அடியில் இருக்கிற ஈரம் மேலே ஏறி ஆவியாகும்போது உப்பை மட்டும் மேலே விட்டுவிட்டுப் போகும். சித்திரையில் எங்க புழக்கடை வெள்ளைவெளேரென்று பூத்துக் கிடக்கும். ஆடி மழையில் அது கரைந்து கீழே இறங்கும். ஒரு மாசம் மண் நல்லா இருக்கிற மாதிரி நடிக்கும். அம்மா அதை நம்பி விதை போடும்.

முதலில் போனது அவரை. அவரைக் குடும்பத்துக்கு உப்பு ஆகவே ஆகாது. ரெண்டு இலை விட்டு, ஓரம் கருகி, சுருண்டுவிடும். பிறகு கத்திரி. பூ விடும், பிஞ்சு நிற்காது. பூசணிக்கொடி படர்ந்து ஏமாற்றியது. ஊர்த் தோப்புகளில் தென்னை சாகவில்லை, ஆனால் காய் சிறுத்து ஒல்லியானது. பருப்புக்கீரை மட்டும் எதற்கும் அசையாமல் வந்தது. கடைசியில் வேலிகாத்தான் வந்தது. எங்க பக்கம் சீமைக்கருவேலத்தை அப்படித்தான் சொல்வோம். அதற்கு உப்பும் ஒன்றுதான், உரமும் ஒன்றுதான். கைப்பம்பில் வந்த தண்ணியில் சோறு வடித்தால் மஞ்சளாகும். குடிக்க ஒரு கிலோமீட்டர் தள்ளி ஊர்க்காரர் ஒருவரின் கிணற்றுக்குப் போவோம். அவர்கள் ஊற்ற, நாங்கள் குடத்தை ஏந்த வேண்டும். அப்படி வாங்கி வந்த தண்ணியைச் செடிக்கு ஊற்ற மனசு வருமா? அரிசி களைந்த தண்ணியும் முகம் கழுவின தண்ணியும்தான் செடிக்கு. அதிலும் உப்பு.

ஒரு ஆடியில் அம்மா காய்ந்த கத்திரிச் செடியைப் பிடுங்கி வேரை நைனாவிடம் காட்டியது. வேர் நுனி கறுத்துப் போயிருந்தது. "உன் கால் மாதிரியே கீது பாரு" என்றது. நைனா ஒன்றும் பேசவில்லை. அவரும் தாத்தா வேலைபார்த்த அதே சுண்ணாம்புக் குழியில்தான் இருந்தார்.

அவர் பேசாததற்குக் காரணம் உண்டு. நிலக்காரர்கள் தோல் ஷாப்பை மூடு என்று ஊர்வலம் போனபோது எங்கள் காலனி போகவில்லை. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் பலர் இதைப் புரிந்துகொள்ளாமல், கூலிக்காக விஷத்துக்குத் துணை போகிறவர்கள் என்று எங்களைச் சொன்னார்கள். ஆயா சொன்னது வேறு: "தோல் ஷாப்பு வர்லன்னா இன்னும் ஆண்ட வாசல்ல கூழுக்கு நின்னுனு இருப்போம்டா. சனிக்கெழம கையில காசு குடுத்தவன் எவன்? உன்ன பள்ளிக்கூடம் அனுப்ன காசு எது?" உண்மை. பண்ணையிலிருந்து தப்பிக்க எங்களுக்குக் கிடைத்த கதவு தோல் ஷாப்புதான். அந்தக் கதவு வழியாகவேதான் உப்பும் உள்ளே வந்தது. எங்களைக் குழியில் இறக்கினவர்களும் எங்கள் தண்ணியைக் கெடுத்தவர்களும் எங்களுக்குக் கூலி கொடுத்தவர்களும் ஒரே ஆட்களாக இருந்தார்கள். நிலத்தை இழந்தேன் என்று ஊர்வலம் போனவரில் சிலர் எங்களுக்குக் குடத்தில் ஊற்றிக் கொடுத்தவர்கள். இதில் எந்தப் பக்கம் நிற்பது?

5

வழக்கு வந்தது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவனே ஈடு கொடுக்க வேண்டும் என்கிற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு என்று சட்டக்கல்லூரிகளில் இன்றைக்கும் பாடம் நடத்துகிறார்கள். தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் பகுதியாகவோ முழுசாகவோ கெட்டுவிட்டது என்று அதில் எழுதப்பட்டது. ஒரு பகுதியில் எடுத்த கணக்கில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். பாதிப்பைக் கணக்கிட ஒரு ஆணையம். அந்த ஆணையம் 2001ல், ஏறக்குறைய 15,000 ஹெக்டேர் பாதிப்புக்கு 29,000க்கும் மேற்பட்டோருக்கு 26 கோடி ரூபாய்க்குச் சற்று மேல் இழப்பீடு என்று கணக்குச் சொன்னது. வழக்கு அதோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொல்லி, விடுபட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும், ஆற்றைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்கவும் உத்தரவிட்டிருக்கிறது.

இந்தத் தீர்ப்புகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவை இல்லாவிட்டால் இந்த மட்டும் சுத்திகரிப்பு நிலையங்களும் வந்திருக்காது. என் கேள்வி அளவுகோலைப் பற்றியது. ஹெக்டேரில் அளந்தால் நிலம் உள்ளவனின் இழப்பு தெரியும். ரெண்டு கட்டில் போடுகிற அளவு புறம்போக்கில், பட்டா இல்லாமல், ஒரு பொம்பளை போட்ட அவரைக்கொடி எந்த ஹெக்டேரில் வரும்? அந்தக் கொடி எங்களுக்குக் கூலி இல்லாத நாளின் குழம்பு. கார்த்திகை அடைமழையில் தோல் காயாமல் வேலை நிற்கும். ஒரு வாரம், பத்து நாள் கூலி இருக்காது. அப்போது புழக்கடைதான் சோறு போட்டது. நிலம் கெட்டதால் நாற்று நடவும் களை எடுக்கவும் போன பொம்பளைங்களின் கூலி நாட்கள் எத்தனை போயின? 1891லேயே டிரமென்ஹீர் மனையைப் பற்றி எழுதினார். நூறு வருடம் கழித்தும் மனை இல்லாதவன் கணக்குக்கு வெளியில்தான் நின்றான்.

மழையும் எங்களுக்கு மட்டும் வேறு விதமாகத்தான் பெய்கிறது. மழை வந்தால் ஊருக்குச் சந்தோஷம். எங்களுக்கு இரவு மழை என்றால் பயம். மழையோடு மழையாகக் கழிவைத் திறந்துவிடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். காலையில் ஆற்றில் வெள்ளை நுரை மலைபோல் நிற்கும். சமீப வருடங்களில்கூட மாராப்பட்டுப் பக்கம் அந்த நுரையைப் படம் எடுத்துப் பத்திரிகைகள் போட்டன. 1903 நவம்பரில் மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து பாலாறு பெருகி வாணியம்பாடியை அடித்துப்போனது, ஏறக்குறைய 200 பேர் செத்தார்கள். 2021 நவம்பரில் நூற்றாண்டில் காணாத வெள்ளம் என்று சொல்லும்படி ஆறு மறுபடி கரை புரண்டது. அதே மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து நாலு குழந்தைகளோடு ஒன்பது பேர் இறந்தார்கள். மழையே இல்லாத 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். தொட்டியோரம் படுக்கிற வேலை இப்போது ரயிலேறி வந்தவர்களுக்கு மாறியிருக்கிறது. கோலாருக்கு ரயிலேறிப் போனவர்களின் கதை நமக்கு ஞாபகம் வரவேண்டும்.

6

எங்கள் மாவட்டத்துக்கு 1989ல் அம்பேத்கர் பெயர் வைத்தார்கள். 1990களின் பிற்பாதியில் எல்லாத் தலைவர் பெயரோடும் அதையும் எடுத்தார்கள். 2019ல் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆறு காடுகள் இருந்ததால் ஆற்காடு என்று பேர் வந்தது என்பார்கள். காடும் இல்லை, பேரும் நிலைக்கவில்லை. உப்பு மட்டும் எல்லா மாவட்டத்திலும் அப்படியே இருக்கிறது. பாலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு மேட்டூரிலிருந்து குழாயில் வருகிற காவிரித் தண்ணியைக் குடிக்கிறோம்.

2023ல் வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இலவம்பாடிப் பக்கம் விளைகிற காய் அது. காம்பில் முள் இருக்கும், குழம்பில் வெண்ணெய் மாதிரி கரையும். நல்ல சேதிதான். பத்திரிகையில் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். "நம்ம ஆயா போட்ட கத்திரிக்கும் முள்ளு இருந்துச்சே" என்றது. அந்த விதை எங்களிடம் இல்லை. மண்ணுக்கு நோய் வந்தபோது விதையும் போய்விட்டது. சாம்பல் கலந்து, பழைய சேலைத் துணியில் முடிந்து, அடுப்புக்கு மேல் ஆயா கட்டி வைத்திருந்த முடிச்சுகள் எத்தனையோ. ஒவ்வொன்றும் ஒரு பருவத்தின் கணக்கு. எந்த மாவட்டக் கையேட்டிலும் அது ஏறவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வெள்ளைக்காரன் எழுதி வைத்த கையேடுகளில் மழைக்கும் மண்ணுக்கும் மரத்துக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. சேரிக்கு எந்த மாசம் எந்தக் காற்று, எந்தக் கிணறு எந்த வருடம் கெட்டது, எந்தச் செடி முதலில் செத்தது என்று எழுதி வைத்தவர் யாருமில்லை. படித்த பிள்ளைகள் இப்போது எல்லாக் காலனியிலும் இருக்கிறார்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்க ஆயா பக்கத்தில் உட்காருங்கள். ஆடியில் எந்தத் திசைக் காற்று, தையில் என்ன பூத்தது, கைப்பம்பு எந்த வருடம் உப்பானது, புழக்கடையில் என்ன காய்த்தது என்று கேட்டு வருடத்தோடு எழுதுங்கள். நாளைக்கு ஒரு ஆணையம் வந்து உன் இழப்புக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டால் காட்ட நமக்கு அது ஒன்றுதான் இருக்கும்.

இந்த வருடம் அம்மா சிமெண்டுச் சாக்கில் வேறு ஊர் ஏரி வண்டலை நிரப்பி, குழாய்த் தண்ணி ஊற்றி, ரெண்டு சாக்கில் அவரை போட்டிருக்கிறது. கொடி கம்பியைப் பிடித்து ஷீட்டுக் கூரை மேல் ஏறிவிட்டது. ஆடிக் காற்றில் இலையெல்லாம் கிழக்கே சாய்ந்து கிடக்கிறது. பூ விட்டிருக்கிறது, பிஞ்சு நிற்குமா என்று தினம் காலையில் ஏணி வைத்து ஏறிப் பார்க்கிறது.